டிக்கெட்டில் இருந்த பழைய திரை: ஜிராவையும் ஃபிக்மாவையும் இணைத்த ஒரு குழுவில் நடந்தது

பின்னணி

2024 தொடக்கத்தில் கோவையில் ஒன்பது பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவில் டெலிவரிப் பொறுப்பில் இருந்தேன். டிசைனர் ஒருவர், டெவலப்பர்கள் நால்வர், டெஸ்டர்கள் இருவர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர், நான். கொங்குப் பகுதியில் பால் கொள்முதல் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மொபைல் ஆப் செய்துகொடுக்கும் வேலை.

கொள்முதல் மையத்தில் காலையும் மாலையும் விவசாயிகள் வந்து பால் ஊற்றுவார்கள். மையத்தில் இருப்பவர் பாலை அளந்து, கொஞ்சம் சாம்பிளை அனலைசரில் வைப்பார். அது ஃபேட், எஸ்.என்.எஃப். என்று இரண்டு எண்களைக் காட்டும். ஃபேட் பாலில் உள்ள கொழுப்பு, எஸ்.என்.எஃப். கொழுப்பு நீங்கலான திடப்பொருள். பசும்பாலில் முதல் எண் பொதுவாக 4-ஐ ஒட்டியும் இரண்டாவது 8-ஐ ஒட்டியும் வரும். லிட்டரோடு இந்த இரண்டையும் நோட்டில் எழுதி, விலை அட்டவணையில் விரல் வைத்துத் தேடித் தொகை போடுவார்கள். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று எண்கள்தான் வருமானம். நோட்டில் நடக்கும் இந்தக் கணக்கை ஆப்புக்குக் கொண்டுவருவதே எங்கள் வேலை.

வேலைகளை ஜிராவில் டிக்கெட்டாக, அதாவது ஒரு வேலைக்கு ஒரு பதிவாக, போட்டு வைத்திருந்தோம். திரைகளை டிசைனர் ஃபிக்மாவில் வரைந்தார். இரண்டும் புதிய கருவிகள் அல்ல. ஜிரா 2002-இலிருந்து இருக்கிறது. ஃபிக்மா 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபிக்மா பிரவுசரிலேயே இயங்குவதால், வரைந்த ஒவ்வொரு திரைக்கும் ஒரு லிங்க் கிடைக்கும். அதற்கு முன்பு டிசைனர்கள் படங்களாக ஏற்றுமதி செய்து மெயிலில் அனுப்பிய காலத்தில், எது கடைசிப் படம் என்று தேடுவதே தனி வேலையாக இருந்தது. அதை அனுபவித்தவர்கள் எங்கள் குழுவில் நான்கைந்து பேர் உண்டு. அதனால் ஜிரா டிக்கெட்டுக்குள்ளேயே ஃபிக்மா திரை தெரியும்படி இரண்டையும் இணைக்கலாம் என்றபோது ஒருவரும் மறுக்கவில்லை. பிப்ரவரியில் இணைத்தோம். டிக்கெட்டைத் திறந்தால் கீழே திரை தெரியும். சொடுக்கினால் ஃபிக்மா திறக்கும்.

அதோடு ஒரு பழக்கம் நின்றுபோனது. முன்பெல்லாம் ஒரு திரையை எடுக்கும் டெவலப்பர் டிசைனரின் மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார். இணைத்தபின் அது குறைந்து, ஏப்ரலில் அறவே இல்லாமல் போனது. எல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கிறதே என்ற எண்ணம்தான். வேலை வேகமாகிவிட்டது என்று நானும் அதை வரவேற்றேன்.

முதல் அறிகுறிகள்

மார்ச் மாத ஸ்பிரிண்ட் ஒன்றில், அதாவது வேலையைப் பிரித்துச் செய்யும் குறுகிய சுற்று ஒன்றில், ஒரு சிறு சண்டை வந்தது. நாள் கணக்கைச் சுருக்கிக் காட்டும் திரைக்கு டெவலப்பர் ஒருவர் இரண்டு நாள் என்று மதிப்பிட்டிருந்தார். பாதி வேலை முடிந்திருந்த நேரத்தில், கிளையன்ட் சொன்ன ஒரு யோசனையை வைத்து டிசைனர் அந்தத் திரையில் மாதவாரியான பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். டிக்கெட்டில் தெரிவது ஃபிக்மாவின் அப்போதைய நிலை என்பதால், டிக்கெட்டுக்குள் இருந்த திரையும் மாறிவிட்டது. டிக்கெட்டின் எழுத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. டெஸ்டர் திரையைப் பார்த்து, மாதப் பட்டியல் இல்லை என்று பக் (பிழை) போட்டார். டெவலப்பருக்கு அது பக் அல்ல, யாரும் கேட்காத புது வேலை.

அன்று நான் நடுவில் புகுந்து, மாதப் பட்டியலை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிவிட்டு ஆளுக்கு ஒரு சமாதானம் சொன்னேன். லிங்க் உயிரோடு இருக்கிறது, ஆனால் யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதில் பதிவே இல்லை என்று அப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். இதே மாதிரி இன்னும் இரண்டு முறை நடந்தது. இரண்டையும் ஆட்களுக்கு இடையிலான உரசலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மையத்தில் பார்த்ததும், வரைந்ததும்

ஏப்ரல் கடைசியில் டிசைனர் காங்கயம் பக்கத்தில் ஒரு கொள்முதல் மையத்துக்கு விடியற்காலை போனார். இந்தத் திட்டத்தில் நடந்தவற்றிலேயே மிக நல்ல வேலை அதுதான் என்று இன்றும் சொல்வேன். எங்கள் முதல் திரையில் பதிவுக் கட்டங்கள் ஃபேட், எஸ்.என்.எஃப்., லிட்டர் என்ற வரிசையில் இருந்தன. பழைய நோட்டின் பத்திகளைப் பார்த்து வரைந்தது அது. மையத்திலோ வேலை வேறு மாதிரி ஓடியது. முதலில் பாலை அளக்கிறார்கள். சாம்பிளை அனலைசரில் வைத்துவிட்டு, அது ஓடி முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் லிட்டரைப் பதிந்துவிடலாம். எண்கள் வந்ததும் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.பும் பதியலாம். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அந்த அரை நிமிடம் பெரிய விஷயம்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். மையத்துக்காரரின் கண் போனில் இல்லை, அனலைசரில்தான் இருந்தது. எண்ணை அடிக்கிறார், அடுத்த கட்டத்துக்குப் போகும் பொத்தானைத் தட்டுகிறார், மறுபடி எண். திரையைப் பார்ப்பதே இல்லை.

திரும்பி வந்ததும் இரண்டு வேலைகள் செய்தார். கட்டங்களை லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். என்று மாற்றினார். நம்ப முடியாத எண் வந்தால் நிறுத்திக் கேட்கும் எச்சரிக்கைத் திரை ஒன்றையும் வரைந்து பிரதான திரைக்குப் பக்கத்திலேயே வைத்தார். எஸ்.என்.எஃப். 7-க்குக் கீழே போனால், ‘இந்த எண் சரியா?’ என்று அது கேட்கும்.

பழையது கெட்டுவிடக்கூடாது என்று, ஃபிக்மாவில் அந்தப் பக்கத்தையே நகலெடுத்து, ‘பதிப்பு 2’ என்று பெயர் வைத்து, நகலில்தான் இந்த மாற்றங்களைச் செய்தார். கவனமான டிசைனர் எவரும் செய்வதுதான் அது.

முன்னோட்ட நாள்

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஆறு மையங்களில் ஆப்பை முன்னோட்டமாக விட்டோம். அதற்கு முந்தைய வாரமே ஒருங்கிணைப்பாளர் பயிற்சித் தாள் அச்சடித்து, மையத்துக்காரர்களுக்கு வரிசையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் லிட்டர், அப்புறம் ஃபேட், கடைசியில் எஸ்.என்.எஃப். தாளில் இருந்த படங்கள் ‘பதிப்பு 2’-இலிருந்து எடுக்கப்பட்டவை.

ஆப்பில் இருந்த வரிசை பழையது: ஃபேட், எஸ்.என்.எஃப்., லிட்டர்.

ஒரு மையத்தில் ஒரு அம்மா 4.5 லிட்டர் பால் ஊற்றினார். ஃபேட் 4.2, எஸ்.என்.எஃப். 8.3. மையத்துக்காரர் கற்றுக்கொண்ட வரிசையிலேயே மூன்று எண்களையும் தட்டினார். 4.5 ஃபேட் கட்டத்தில் விழுந்தது, 4.2 எஸ்.என்.எஃப். கட்டத்தில், 8.3 லிட்டர் கட்டத்தில். ஃபேட்டும் லிட்டரும் பார்த்த மாத்திரத்தில் தப்பு என்று தெரியாத எண்கள். விலை அட்டவணையில் 4.2 எஸ்.என்.எஃப்.புக்கு வரிசையே கிடையாது. ஆப் ஆகக் கடைசி விலையை எடுத்துப் பெருக்கிச் சீட்டைக் கொடுத்துவிட்டது. எச்சரிக்கைத் திரை வரவில்லை. ஆப்பில் அப்படி ஒன்று கட்டப்படவே இல்லை.

அந்த அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, “எங்க மாடு எட்டு லிட்டரு கறக்காதுங்க தம்பி, பாத்துப் போடுங்க” என்றார். அதற்குப் பிறகுதான் மையத்துக்காரர் திரையை நிதானமாகப் பார்த்தார். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் வந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை.

உடனே எடுத்த முடிவு

ஏழரைக்குள் ஆறு மையங்களிலும் ஆப்பை நிறுத்தச் சொல்லி நோட்டுக்குத் திரும்பினோம். ஆப்பிலேயே வரிசையை மாற்றி மதியத்துக்குள் புதுப் பதிப்பு தந்துவிடலாம் என்று டெவலப்பர்கள் சொன்னார்கள். செய்திருக்கவும் முடியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு திரை பழையது என்றால், வேறு எத்தனை திரைகள் பழையவை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் மறுபடி விடுவது விவசாயியின் பணத்தோடு விளையாடுவது.

முன்னோட்டம் முடியும் வரை நோட்டிலும் எழுதிக்கொண்டே வாருங்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தோம். அதுதான் காப்பாற்றியது. அன்று காலைப் பதிவுகள் எல்லாவற்றையும் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். பணம் பட்டுவாடா பத்து நாளைக்கு ஒருமுறைதான் என்பதால் யாருக்கும் தொகை குறையவில்லை.

தேடிப் பார்த்ததில்

மறுநாள் நானும் டிசைனரும் மூத்த டெவலப்பரும் உட்கார்ந்து, ஒவ்வொரு டிக்கெட்டாகத் திறந்து, அதில் தெரியும் திரையையும் ‘பதிப்பு 2’ பக்கத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம்.

ஃபிக்மாவில் ஒவ்வொரு திரைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. லிங்க் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளும். பக்கத்தை நகலெடுத்தால் நகலில் உள்ள திரைகளுக்குப் புது எண்கள் கிடைக்கும். டிக்கெட்டில் இருந்த லிங்க் பழைய எண்ணோடு பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. லிங்க் உடைந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அது உடையவில்லை, ஒழுங்காக வேலை செய்தது. கருவிகள் இரண்டும் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்தன. புதுப் பக்கம் வந்ததும் டிக்கெட்டில் லிங்கை மாற்றுவது யார் வேலை என்று நாங்கள் பேசியதே இல்லை.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது டெஸ்டிங். டெஸ்டர்கள் சோம்பலாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டத்தையும் திரையோடு ஒப்பிட்டுத்தான் தேர்ச்சி போட்டிருந்தார்கள். அவர்கள் ஒப்பிட்டதும் அதே டிக்கெட்டில் இருந்த அதே பழைய திரையோடு. கட்டியவரும் சோதித்தவரும் ஒரே தாளைப் பார்த்து எழுதினால் இருவரின் விடையும் ஒத்துப்போகத்தான் செய்யும். புதுத் திரையைப் பார்த்திருந்த இருவர், டிசைனரும் ஒருங்கிணைப்பாளரும், கட்டி முடித்த ஆப்பை முன்னோட்டத்துக்கு முன் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

எச்சரிக்கைத் திரை விடுபட்டது வேறு காரணத்தால். அது பிரதான திரைக்குப் பக்கத்தில் தனி ஃபிரேமாக (ஃபிக்மாவில் ஒரு திரையை வரையும் சட்டம்) இருந்தது. எந்த டிக்கெட்டும் அதைச் சுட்டவில்லை. எங்கள் குழுவில் டிக்கெட் இல்லாத வேலை நடக்காது. அது நல்ல ஒழுக்கம்தான். அதன் மறுபக்கம் இது. சரிபார்த்தபோது இதே போல டிக்கெட் இல்லாத ஃபிரேம்கள் இன்னும் பல கிடைத்தன. சிக்னல் இல்லாதபோது என்ன தெரிய வேண்டும், ஒரே ஆள் ஒரே வேளையில் இரண்டு முறை பால் ஊற்றினால் என்ன செய்வது என்பவையெல்லாம் அழகாக வரையப்பட்டு, யாரும் கட்டாமல் கிடந்தன.

என்ன செய்வது என்ற பேச்சு

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. ஜிராவை விட்டுவிட்டு ஃபிக்மாவிலேயே கருத்துக் குறிப்புகளாக வேலையைப் பிரிக்கலாம் என்றார் டிசைனர். நான்கு டெவலப்பர்களின் வேலையை அப்படிப் பின்தொடர முடியாது என்று விட்டோம். இரண்டு பக்கத்தையும் தானாக ஒத்துப்போகச் செய்யும் மூன்றாவது கருவி ஒன்றை வாங்கலாம் என்றார் ஒரு டெவலப்பர். மார்ச்சில் எங்களை அடித்ததே தானாக மாறும் திரைதான். அதை இன்னும் தானாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது, இருக்கும் இணைப்பை வைத்துக்கொண்டு, இரண்டு கருவிகளும் தொடும் இடத்தில் மட்டும் சில விதிகள் போடுவது. அதையே எடுத்தோம்.

விதிகளில் முதலாவது பக்கத்தை நகலெடுப்பது பற்றியது. டிக்கெட் உள்ள திரையை மாற்ற வேண்டுமானால் நகலைப் பழையது என்று ஒதுக்கி வை, அசலைத் திருத்து. இப்படிச் செய்தால் அடையாள எண் மாறாது. டிக்கெட்டில் எப்போதும் புதியதே தெரியும். டிசைனரே கண்டுபிடித்துச் சொன்ன வழி இது. ஒரு நிமிடம்கூட ஆகாத மாற்றம்.

ஆனால் இது மட்டும் இருந்தால் மார்ச் மாதச் சண்டை திரும்ப வரும். அதனால் இரண்டாவது விதி: ஸ்பிரிண்ட் தொடங்கும் முன் மதிப்பீடு போடும் அன்று, ஃபிக்மாவின் பதிப்பு வரலாற்றில் டிக்கெட் எண்ணையே பெயராகக் கொடுத்து ஒரு பதிப்பைச் சேமிக்க வேண்டும். அந்தப் பதிப்பின் லிங்கையும் டிக்கெட்டில் போட வேண்டும். இனி டிக்கெட்டில் இரண்டு லிங்க் இருக்கும். ஒன்று இன்றைய நிலை, மற்றது நாம் ஒப்புக்கொண்ட நிலை. இரண்டும் வேறுபட்டால் வேறுபாட்டுக்கு ஒரு புது டிக்கெட். டெஸ்டர் ஒப்பிட வேண்டியது ஒப்புக்கொண்ட நிலையோடு.

மூன்றாவது, டிக்கெட்டில் ‘நிலைகள்’ என்று ஒரு கட்டம். வெறுமையாக இருந்தால், தவறான எண் வந்தால், சிக்னல் போனால், இரண்டாம் முறை வந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் எந்த ஃபிரேம் என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் டிக்கெட்டை ‘வேலை நடக்கிறது’ என்ற நிலைக்கு நகர்த்த முடியாதபடி ஜிராவிலேயே தடை போட்டோம். இந்தத் தடையை மட்டும் ஆட்களின் நினைவுக்கு விடாமல் கருவிக்கு விட்டதற்குக் காரணம், விடுபட்டதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மனிதருக்குக் கஷ்டம் என்பதுதான்.

கடைசியாக, போன பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு திரையையும் கட்டத் தொடங்கும் முன் டிசைனர், டெவலப்பர், டெஸ்டர் மூவரும் இருபது நிமிடம் சேர்ந்து பார்க்க வேண்டும். வாரத்தில் பல மணி நேரம் போகும் என்று எதிர்ப்பு வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு

முதல் இரண்டு ஸ்பிரிண்டுகள் கடினமாக இருந்தன. பதிப்புக்குப் பெயர் வைப்பதும் லிங்க் ஒட்டுவதும் முழுக்க டிசைனரின் தலையில் விழுந்தது, அவர் ஒருவர்தான். எழுத்தின் நிறத்தை மாற்றினாலும் புது டிக்கெட்டா என்று அவர் கேட்டது நியாயம். மூன்றாவது ஸ்பிரிண்டில் விதியைத் தளர்த்தினோம். நிறம், இடைவெளி, சொல் திருத்தம் ஆகியவற்றுக்குப் புது டிக்கெட் வேண்டாம், டிக்கெட்டில் ஒரு வரி போதும். கட்டங்களின் வரிசை, கணக்கு, எச்சரிக்கை எதைத் தொட்டாலும் விதி முழுமையாக நிற்கும்.

இருபது நிமிடப் பேச்சின் மதிப்பு இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. எச்சரிக்கைத் திரையை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேட்டுக்கு மேல் எல்லை 6 என்று டிசைனர் குறித்திருந்தார். அந்த டெவலப்பர் வளர்ந்த வீட்டில் மாடும் எருமையும் உண்டு. “அக்கா, எருமைப் பால் வந்தா? அதுல ஃபேட் ஆறுக்கு மேல சாதாரணமா வருமே” என்றார். திரையில் மாடா எருமையா என்று கேட்கும் தேர்வு ஏற்கெனவே இருந்தது. எல்லை மட்டும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கேயே இரண்டு எல்லைகளாகப் பிரித்துக் குறித்துவிட்டு எழுந்தார்கள்.

ஆகஸ்டில் அதே ஆறு மையங்களில் மறுபடி விட்டோம். இந்த முறை பயிற்சித் தாளுக்கான படங்களைப் போனில் ஓடும் ஆப்பிலிருந்தே எடுத்தோம். முதல் நாள் காலை ஒருங்கிணைப்பாளரும் நானும் டிசைனரும் ஆளுக்கு இரண்டு மையமாகப் போய் நின்றோம். நான் போன மையம் ஒன்றில் ஒரு பதிவில் எஸ்.என்.எஃப். 8.1-க்குப் பதில் 1.8 என்று விழுந்தது. எச்சரிக்கை வந்தது. மையத்துக்காரர் நின்று, பார்த்து, திருத்திவிட்டு அடுத்தவரை அழைத்தார். அன்று வேறு எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நோட்டை நிறுத்தினார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒப்புக்கொண்ட நிலையைச் சேமிக்கும் வழக்கத்தை முதலில் ஏற்படுத்திவிட்டு, அதற்குப் பிறகே இரண்டு கருவிகளையும் இணைத்திருப்பேன். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். இணைப்பு வந்த பிறகு லிங்கை எல்லோரும் ஒப்பந்தமாகவே நம்பினார்கள். அதில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

மார்ச்சில் வந்த மூன்று சண்டைகளையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பேன். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்திருந்தால் ஆட்களின் பெயர்தான் மாறியிருக்கிறது, காரணம் ஒன்றே என்று தெரிந்திருக்கும்.

முன்னோட்டத்துக்கு முன் மையத்துக்காரர் ஒருவரை அலுவலகத்துக்கு அழைத்து, அனலைசரைப் பக்கத்தில் வைத்து, ஐம்பது பதிவுகள் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன். டிக்கெட்டையே பார்க்காத ஒருவர் சோதித்திருந்தால் இந்தத் தவறு ஐந்தாவது பதிவுக்குள் வெளிப்பட்டிருக்கும். ஆகஸ்டுக்கு முன் இதைச் செய்தோம். ஜூனுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒன்று இன்னும் தீரவில்லை. ஆப்பில் வரும் தமிழ்ச் சொற்கள் ஃபிக்மாவிலும் இல்லை, ஜிராவிலும் இல்லை. ஒரு கூகுள் ஷீட்டில் தனியாக இருக்கின்றன. டிசைனர் ஆங்கிலச் சொற்களை வைத்துப் பொத்தான்களை வரைகிறார். ‘சமர்ப்பிக்கவும்’ வந்து உட்காரும்போது பொத்தான் போதாமல் இரண்டு வரியாக உடைகிறது, உயரம் குறைவாக இருந்தால் ‘கீ’, ‘ஞ்’ போன்றவற்றின் மேல்பகுதி வெட்டுப்படுகிறது. இப்போதைக்கு ‘நிலைகள்’ கட்டத்தில் ‘தமிழில் பார்த்தாயிற்றா’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அடுத்த திட்டத்தில் முதல் திரையிலிருந்தே தமிழில் வரைவது என்று டிசைனர் சொல்லியிருக்கிறார்; ஷீட்டை யார் பொறுப்பில் வைப்பது என்று அடுத்த வாரம் பேசுகிறோம்.